சுங்கவரி: கட்டுவது யார், கோபப்படுவது யார்?

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி தென்னாப்பிரிக்கப் பொருள்கள் மீது அமெரிக்காவின் 30 சதவீத வரி அமலுக்கு வந்தது. அதையொட்டி டர்பன் பக்கம் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் மூன்று விதமான பேச்சு அடிபட்டது. "இனி நம்ம அரசாங்கம் அமெரிக்காவுக்கு முப்பது சதவீதம் கட்டணுமாம்" என்றார்கள் சிலர். "நாமும் முப்பது போட்டால் தானாக வழிக்கு வருவார்கள்" என்றார்கள் வேறு சிலர். "நட்பு நாடுகளுக்குள் வரியே கிடையாது, வரி போட்டால் பகை என்று அர்த்தம்" என்பது மூன்றாவது பேச்சு. மூன்றும் பிழை. முதல் பிழையைத் திருத்தினால் மற்ற இரண்டையும் புரிந்துகொள்வது எளிது.

பக்கத்து வீட்டு வடை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரே சுவருக்கு இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தை வீட்டு வடை 5 ரேண்ட். உங்கள் வீட்டில் பெரியம்மா சுடுகிற வடை 5.50. பிள்ளைகள் அத்தை வீட்டுக்கே ஓடுகிறார்கள். பெரியம்மாவின் முகம் வாடுவதைப் பார்த்த அப்பா வாசலில் ஒரு டப்பாவை வைத்து, "அத்தை வீட்டில் வாங்குகிற ஒவ்வொரு வடைக்கும் ஒரு ரேண்ட் இதில் போடணும்" என்கிறார்.

டப்பாவில் விழுவது சொந்தப் பிள்ளைகளின் காசு. அத்தை ஒரு சென்ட்கூடப் போடுவதில்லை. சுங்கவரி என்பது அந்த டப்பாதான். வெளிநாட்டுப் பொருள் எல்லைக்குள் வரும்போது, அதை வரவழைத்தவர் தன் சொந்த அரசுக்குக் கட்டுகிற தொகை அது.

ஆனாலும் கோபம் அத்தைக்குத்தான் வருகிறது. அதற்கு இரண்டு காரணங்கள். பிள்ளைகளைத் தக்கவைக்க அவர் விலையை 4.50 ஆக்கலாம். அப்படிச் செய்தால் வரியில் பாதியை அவரே மறைமுகமாகச் சுமக்கிறார். இரண்டாவது காரணம்தான் பெரியது. "தினமும் உங்களிடம்தான் வாங்குவோம்" என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அத்தை பெரிய வாணலி வாங்கினார், கூடுதலாக உளுந்து ஊறப்போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரென்றே தெரியாதவர் இருந்திருந்தால் அவர் வாணலி வாங்கியிருக்கவே மாட்டார்.

துறைமுகத்தில் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

டர்பன் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் நிறையச் சட்டைகள் இறங்குகின்றன. வரி எவ்வளவு என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. பொருள் என்ன, எந்த நாட்டில் ஆனது, அதன் மதிப்பு என்ன?

பொருளுக்கு எட்டு இலக்கச் சரக்குக் குறியீடு உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. கடைசி இலக்கங்களை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும். மதிப்பு விஷயத்தில் தென்னாப்பிரிக்கா, சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கப்பல் கூலியும் காப்பீடும் அதில் சேராது. ஐரோப்பிய ஒன்றியம் அவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே இரண்டு இடத்திலும் '10 சதவீதம்' என்று எழுதியிருந்தாலும் கட்டும் தொகை ஒன்றாக இருக்காது.

சட்டைகளின் மதிப்பு 1,00,000 ரேண்ட் என்போம். ஆயத்த ஆடைக்குப் பொது விகிதம் 45 சதவீதம். எனவே சுங்கவரி 45,000. அடுத்து வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரி வரும். இதைச் சரக்கின் விலை மீது நேரடியாகப் போடுவதில்லை. விலையோடு அதில் 10 சதவீதத்தைச் சேர்த்து, சுங்கவரியையும் சேர்த்தால் 1,55,000 வரும். அதில் 15 சதவீதம் 23,250. சார்ஸ் என்று எல்லாரும் அழைக்கிற வருவாய்த் துறைக்கு மொத்தம் 68,250 ரேண்ட் கட்டினால்தான் சரக்கு வெளியே வரும்.

வாட்டுக்குப் பதிவு செய்த வியாபாரி அந்த 23,250ஐப் பின்னால் கழித்துக்கொள்வார். சுங்கவரி 45,000 திரும்ப வராது, அது சட்டையின் விலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'வரி' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இதுவரை பார்த்தது: சுங்கவரியை வாங்குகிற நாட்டின் வியாபாரி தன் அரசுக்கே கட்டுகிறார். விற்கிற நாடு இழப்பது விற்பனையையும் விலையையும். தென்னாப்பிரிக்க அரசு அமெரிக்காவுக்கு எதையும் கட்டவில்லை.

ஒரு கோழி, பல விகிதங்கள்

நட்பு நாடுகளுக்குள் வரியே இல்லை என்பது தவறு. நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுப்பது அளவான வாக்கு. அதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

முதல் அடுக்கு உச்சவரம்பு. உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு "இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் வரி போடமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த எண் அது. தென்னாப்பிரிக்கா கோழி இறைச்சிக்கு எழுதிக் கொடுத்தது 82 சதவீதம். இரண்டாவது பொது விகிதம். தனி ஒப்பந்தம் இல்லாத எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி போடும் வரி இது, உச்சவரம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். மூன்றாவது சலுகை விகிதம். ஒப்பந்தம் செய்துகொண்ட கூட்டாளிக்கு மட்டும் தருவது.

டர்பன் வீடுகளில் கறிக்குப் போகும் கோழியையே எடுத்துக்கொள்வோம். உறைந்த முழுக் கோழிக்கு 2013இல் பொது விகிதத்தை 82க்கே, அதாவது உச்சவரம்பு வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். எலும்போடு கூடிய துண்டுகளுக்கு 2020 மார்ச்சில் 37லிருந்து 62 ஆனது, எலும்பில்லாத துண்டுகளுக்கு 12லிருந்து 42. எலும்பிலிருந்து இயந்திரம் வழித்தெடுத்துப் போலோனி என்னும் மலிவான சாஸேஜுக்குப் போகும் கூழுக்கு அப்போது வரியே இல்லை. அதே கோழி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தால், 2016இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி வழக்கமான சுங்கவரி பூஜ்யம்.

"கோழிக்கு என்ன வரி?" என்று ஒருவர் கேட்டால் "எந்தத் துண்டு, எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்பவருக்கே விஷயம் தெரியும்.

சலுகை வேண்டுமென்றால் பிறப்பிட விதியை நிறைவேற்ற வேண்டும். ஒரு பொருள் உண்மையில் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதி அது. சான்றிதழில் பிழை இருந்தால் சலுகை போய், பொது விகிதம் விழும். தாளைச் சரிசெய்யும் வரை கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும்.

கூட்டாளிக்கு ஏன் கூடுதலாக வலிக்கிறது

ஆரஞ்சைப் பாருங்கள். கரும்புள்ளி நோய் இல்லாத மேற்கு கேப், வடக்கு கேப் மாகாணங்களின் பழம்தான் அமெரிக்காவுக்குப் போகலாம். அதனால் சிட்ரஸ்டால் பக்கத்து விவசாயி அந்தச் சந்தைக்கென்றே மரம் நட்டு, அங்கே கேட்கிற அளவிலும் நிறத்திலும் பழம் வளர்க்கிறார். 2000இல் அமெரிக்கா இயற்றிய ஆகோவா சட்டம் ஆப்பிரிக்க நாடுகளின் பல பொருள்களுக்குச் சலுகை தந்தது. ஆரஞ்சுக்கு அந்தச் சலுகையின் மதிப்பு அப்படியொன்றும் பெரிதில்லை. அது இல்லையென்றாலும் கிலோவுக்கு 1.9 அமெரிக்க சென்ட்தான் வரி, 15 கிலோ பெட்டிக்கு 28.5 சென்ட். பெட்டியின் விலை 20 டாலர் என்று வைத்தால், 30 சதவீதம் என்பது 6 டாலர். இருபது மடங்குக்கு மேல்.

அந்த 6 டாலரை இறக்குமதியாளர் துறைமுகத்தில் கட்டுகிறார். பிறகு பேரம் தொடங்கும். "நீ இரண்டு குறை, நான் இரண்டு ஏற்கிறேன், மீதியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்கிற மாதிரி. யார் எவ்வளவு சுமப்பது என்பது ஒரே கேள்வியில் முடிகிறது. வாங்குகிறவருக்கு வேறு இடம் இருக்கிறதா? அதே பருவத்தில் பழம் அனுப்பும் பெருவுக்கும் சிலிக்கும் அப்போது விழுந்தது 10 சதவீதம். விவசாயியின் பேரத்தை இந்த 30க்கும் 10க்கும் இடையிலான இடைவெளிதான் முறித்தது. எல்லாருக்கும் 30 என்றிருந்தால் வலி வேறு மாதிரி பிரிந்திருக்கும். ஆரஞ்சு மரம் காய்ப்புக்கு வரச் சில வருடங்கள் ஆகும், வரி ஒரே இரவில் மாறும். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஆரஞ்சை விலக்கு பட்டியலில் சேர்த்தது. அந்த வருடப் பருவம் அதற்குள் முடிந்திருந்தது.

30 என்ற எண் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கா போடும் வரியை அளந்து அதை எடுக்கவில்லை. சரக்கு வாணிபத்தில் அமெரிக்காவுக்கு இருந்த பற்றாக்குறையை, அது இங்கிருந்து வாங்கும் தொகையால் வகுத்து, வந்ததைப் பாதியாக்கினார்கள். அமெரிக்கப் பொருள்களில் 77 சதவீதம் வரியின்றியே உள்ளே வருகின்றன என்று தென்னாப்பிரிக்க அரசு பதில் சொன்னது. எந்த வரியைக் குறைத்தால் 30 குறையும் என்று கேட்டால் அந்தச் சூத்திரத்தில் விடை கிடையாது. என் பார்வையில் கூட்டாளிகளை அதிகம் நோகடித்தது இதுதான். குற்றம் இன்னதென்று சொல்லாமல் அபராதம் விதித்தால் பேசித் தீர்க்க வழியில்லை.

கோழியால் மூண்ட சண்டைகள்

பனிப்போர் உச்சத்தில் இருந்த 1962இல், மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே ராணுவக் கூட்டணியில் இருந்தபோது, ஐரோப்பியப் பொதுச் சந்தை வெளிக் கோழிக்கு வரியை ஏற்றியது. மேற்கு ஜெர்மனியில் நன்றாக விற்ற அமெரிக்கக் கோழி சரிந்தது. நடுவர் குழு அந்த இழப்பை 2.6 கோடி டாலர் என்று கணித்தது. அமெரிக்கா 1964 ஜனவரியில் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்னும் பசைப்பொருள், பிராந்தி, சிறு லாரி ஆகியவற்றுக்கு வரியை ஏற்றியது, லாரிக்கு 25 சதவீதம். இதற்குப் பெயர் பதிலடி வரி. ஒருவர் போட்டதற்கு ஈடாக, வேறொரு பொருள் மீது மற்றவர் போடுவது. குறி வைத்தது ஜெர்மன் வண்டிகளை. ஆனால் பொது விகிதம் எல்லா நாட்டுக்கும் ஒன்று என்பதால் பின்னால் ஜப்பான் வண்டிகளும் அதில் மாட்டின.

கோழிச் சண்டையை இன்று யாருக்கும் நினைவில்லை. லாரி வரி அறுபது வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. ஃபோர்டு நிறுவனமே துருக்கியில் செய்த வேன்களில் பின் இருக்கைகளைப் பொருத்தி, பயணிகள் வண்டி என்று 2.5 சதவீதம் கட்டி இறக்கி, அமெரிக்கத் துறைமுகத்தில் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வண்டியாக விற்று மாட்டிக்கொண்டது. ஒரு வரியின் நிழலில் வளர்ந்த உள்நாட்டுத் தொழில், சண்டை முடிந்த பிறகும் அந்த வரியை எடுக்க விடாது.

தென்னாப்பிரிக்கச் சண்டையும் கோழிக் காலில்தான். அமெரிக்கரும் ஐரோப்பியரும் நெஞ்சுக்கறிக்கு நல்ல விலை கொடுப்பார்கள், கால் மிஞ்சிவிடும். இங்கே காலும் தொடையும்தான் விரும்பிச் சாப்பிடுகிறோம். மிஞ்சிய கால் மலிவாக வந்து இறங்குகிறது. உள்ளூர்ப் பண்ணைகள் இதைக் குவிப்பு என்கின்றன. சொந்த நாட்டு விலைக்கோ அடக்க விலைக்கோ கீழே வெளிநாட்டில் விற்பதுதான் குவிப்பு. அதை ஈடுகட்ட மேலதிகமாகப் போடுவது குவிப்புத் தடுப்பு வரி.

காலின் அடக்க விலை எவ்வளவு? இங்கேதான் முடிச்சு விழுகிறது. ஒரு கோழிக்கு 40 ரேண்ட் செலவு, ஒரு கிலோ நெஞ்சு, ஒரு கிலோ கால் என்று கற்பனை செய்யுங்கள். நெஞ்சு 40க்கு விற்கிறது, கால் 12க்கு. எடையால் பங்கிட்டால் கிலோவுக்கு 20 செலவு. காலை 12க்கு விற்பது குவிப்பு. விற்பனை மதிப்பால் பங்கிட்டால் மொத்த 52இல் காலின் பங்கு 12, அதற்குரிய செலவு ஏறக்குறைய 9.20. இப்போது அது லாபத்தில் விற்பது. கோழி அதே கோழிதான். கணக்கு முறை மாறியதும் குற்றவாளி வியாபாரியாகிவிடுகிறார். இரு தரப்பும் மனதார நம்பியே சண்டை போடுகிறார்கள்.

அமெரிக்கக் கோழிக்கு 2000 முதல் இந்த மேலதிக வரி இருந்தது, 2015 வாக்கில் கிலோவுக்கு 9.40 ரேண்ட். அந்த ஆண்டு ஆகோவாவைப் புதுப்பிக்கும்போது அமெரிக்க நாடாளுமன்றத்தில் கோழிப் பண்ணைகள் நிறைந்த மாநிலங்களின் உறுப்பினர்கள் பிடியை இறுக்கினார்கள். ஜூன் மாதம் பாரிஸில் பேசி, ஆண்டுக்கு 65,000 டன் வரை குவிப்புத் தடுப்பு வரி இல்லாமல் விடுவது என்று முடிவானது. பொது விகிதத்தை அந்தக் கோழியும் கட்டத்தான் வேண்டும். அந்த முடிவு அமலாகத் தாமதமானதும், 2016 மார்ச் 15 முதல் தென்னாப்பிரிக்க விவசாயப் பொருள்களின் சலுகையை நிறுத்துவதாக அதிபர் ஒபாமா அறிவித்தார். அமெரிக்கக் கோழி வந்து இறங்கியதும் அது விலக்கப்பட்டது. இங்கே பணயம் வைக்கப்பட்டது ஆரஞ்சும் வைனும். கோழியோடு எந்தத் தொடர்பும் இல்லாத விவசாயி.

பதிலடியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்

"நாமும் முப்பது போட்டால்" என்பதன் விடையும் இதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் போட்டால் வலிப்பது நம் இறக்குமதியாளருக்கு. அதனால் பதிலடி கொடுப்பவர்கள் பட்டியலைப் பொறுக்கி எடுக்கிறார்கள். வேறு இடத்தில் எளிதாக வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும், எதிர்த்தரப்பின் அரசியல்வாதிக்குச் சுட வேண்டும்.

2018 ஜூனில் அமெரிக்கா தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கனடா, மெக்ஸிகோ, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டது. ஐரோப்பாவின் பதில் பட்டியலில் போர்பன் விஸ்கியும் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளும் இருந்தன. அப்போதைய செனட் பெரும்பான்மைத் தலைவரின் மாநிலம் கென்டக்கி, போர்பன் ஊர். அப்போதைய கீழவைத் தலைவரின் மாநிலம் விஸ்கான்சின், ஹார்லி ஊர். ஹார்லிக்கான வரி 6லிருந்து 31 சதவீதம் ஆனது, வண்டிக்குச் சுமார் 2,200 டாலர். சில நாளிலேயே அந்த நிறுவனம் ஐரோப்பாவுக்கான உற்பத்தியை அமெரிக்காவுக்கு வெளியே மாற்றுவதாக அறிவித்தது. கனடாவை உறுத்தியது வேறு. இரண்டு உலகப் போரிலும் தோளோடு தோள் நின்ற நாட்டின் எஃகு பாதுகாப்புக்கு ஆபத்து என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கனடா வரி 2019 மே மாதம் நீங்கியது. 2025இல் மறுபடி வந்தபோது பழைய வாக்கை யாரும் நம்பத் தயாராக இல்லை.

இதுவரை: கூட்டாளியை வலிக்கச் செய்வது விகிதத்தின் உயரம் மட்டுமல்ல. நம்பி முதலீடு செய்தது, போட்டியாளருக்குக் குறைவாக விழுவது, சம்பந்தமில்லாத பொருள் பணயமாவது, எடுத்த வரி திரும்ப வரலாம் என்ற பயம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

குறைத்தாலும் சண்டை வரும்

இது பலருக்கு வியப்பாக இருக்கும். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோதோ, நமீபியா, எஸ்வாதினி ஐந்தும் சேர்ந்தது சாக்கூ என்னும் சுங்க ஒன்றியம். 1910இல் தொடங்கியது, உலகிலேயே பழையது. சுங்க ஒன்றியம் என்றால் உள்ளுக்குள் வரி இல்லை, வெளியாருக்கு ஐந்து நாட்டிலும் ஒரே வரி. வசூல் ஒரே உண்டியலில் விழுந்து சூத்திரப்படி பங்கிடப்படுகிறது. லெசோதோ, எஸ்வாதினி அரசுகளின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு இந்த உண்டியலிலிருந்துதான்.

1999இல் தென்னாப்பிரிக்கா ஐரோப்பாவோடு தனியாக ஒப்பந்தம் செய்து வரிகளைக் குறைத்தது. கேப்டவுனுக்கும் டர்பனுக்கும் மலிவான பொருள் வந்தது, லெசோதோவின் பங்கு சுருங்கத் தொடங்கியது. தம்மைக் கேட்காமல் தம் வருமானத்தைக் கைவைத்த மனக்குறை, 2002இன் புதிய சாக்கூ ஒப்பந்தத்தில் 31ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்தது. மற்றவர்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த உறுப்பு நாடும் வெளியாரோடு புதிய சலுகை ஒப்பந்தம் செய்யக் கூடாது.

சர்க்கரையிலும் இதே இழுபறி. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்கள் வெட்டத் தொடங்கிய நேட்டால் கரும்பு, இன்று ஒரு சுங்க மதிலுக்குள் நிற்கிறது. 2018இல் குறிப்பு விலையை டன்னுக்கு 680 டாலர் என்று வைத்தார்கள். உலக விலை அதற்குக் கீழே போகப் போக வரி ஏறும். பிரேசில் சர்க்கரையை மதில் தடுக்கும். எஸ்வாதினி சர்க்கரை மதிலுக்கு உள்ளேயே விளைவதால் வரியின்றி டர்பன் கடைக்கு வரும். மதில் எவ்வளவு உயரமோ அவ்வளவு லாபம் எஸ்வாதினிக்கும். நேட்டால் விவசாயிக்கு அது உறுத்துகிறது, ஆனால் ஒன்றியம் என்றால் அதுதான். மறுபக்கம் போட்ஸ்வானா 2022 ஜனவரி முதல் தென்னாப்பிரிக்கக் காய்கறி பலவற்றை உள்ளே விடவில்லை. வரி பூஜ்யம், அனுமதியும் பூஜ்யம்.

2025இல் வெளியிலிருந்து வந்த வரி இந்த ஐவருக்குள் புகுந்தது. வெளியாருக்கு ஒரே வரி போடும் ஐந்து நாடுகளுக்கு, அமெரிக்கா ஆகஸ்டில் போட்டது தென்னாப்பிரிக்காவுக்கு 30, லெசோதோ, போட்ஸ்வானா, நமீபியாவுக்கு 15, எஸ்வாதினிக்கு 10. ஏப்ரலில் லெசோதோவுக்கு 50 என்று அறிவித்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலைகளை நம்பி வாழும் நாடு அது. இப்படி வேறுபட்டால் இரண்டு ஆசைகள் பிறக்கும். தனியாகப் போய்ப் பேசிச் சலுகை வாங்கலாமா என்பது ஒன்று, அதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. தென்னாப்பிரிக்கச் சரக்கை எல்லை தாண்டி எடுத்துப்போய் லெசோதோ என்று சீட்டு ஒட்டி அனுப்பலாமா என்பது மற்றது. அமெரிக்கச் சுங்க அதிகாரி கேட்பது சீட்டை அல்ல, துணி எங்கே வெட்டப்பட்டது, எங்கே தைக்கப்பட்டது என்ற பதிவேட்டை. அதில் ஒரு தொழிற்சாலை பிடிபட்டால், நேர்மையாகத் தைக்கிற மற்றத் தொழிற்சாலைகளின் கன்டெய்னர்களும் சோதனைக்கு நிற்கும்.